‘சோ க்யூட்!’னு தூக்கினா, அதுவும் வேட்டைதான்!

2019 பிப்ரவரி. பாங்காக்கிலிருந்து சென்னை வந்து இறங்கிய ஒரு பயணியின் பெட்டிக்குள் ஏதோ சத்தம். சுங்கத்துறையினர் திறந்து பார்த்தால், ஒரு மாதமே ஆன சிறுத்தைக் குட்டி! எடை 1.1 கிலோ. பாட்டிலில் பால் கொடுத்து, வண்டலூர் பூங்காவுக்கு அனுப்பினார்கள்.

அது கடத்தல். ஆனா, அடையாறிலோ மயிலாப்பூரிலோ இருக்கும் நாம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, கரும்புத் தோட்டத்தில் ஒரு காட்டுப்பூனைக் குட்டியைப் பார்த்தால்? ‘ஐயோ பாவம், அம்மா இல்லை’னு தூக்கிட்டு வந்து ரீல்ஸ் போட்டால்? சட்டப்படி அதுவும் சிக்கல்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பூமாவை வேட்டையாட லைசென்ஸ் தருகிறார்கள். ஆனால், புள்ளி மறையாத குட்டியையும், குட்டியோடு திரியும் பூமாவையும் சுடக் கூடாது.

இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸே கிடையாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே குட்டியையும் சேர்த்துவிட்டது. ‘வேட்டை’ன்னா துப்பாக்கி மட்டுமில்லை, பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான்.

2022 திருத்தத்தில் காட்டுப்பூனையும் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. புலி, சிறுத்தை இருக்கும் அதே பட்டியல். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

அம்மா எங்கே?

பெரும்பாலும் பக்கத்தில்தான். குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு இரை தேடப் போயிருக்கும். மனுஷங்க கூட்டம் நின்றால் திரும்பி வராது. மகாராஷ்டிராவின் கரும்புக் காடுகளில் கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளை வனத்துறையினர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எடுத்த இடத்திலேயே சாயங்காலம் பெட்டியில் வைத்து, தள்ளி நின்று கேமராவில் கவனிக்கிறார்கள். இருட்டியதும் அம்மா வந்து கவ்விக்கொண்டு போகிறது. மனிதர்கள் வளர்த்த குட்டிக்கு வேட்டையாடக் கற்றுத்தர ஆளில்லை. பல நேரம் அதற்கு ஆயுசுக்கும் கூண்டுதான்.

அப்போ என்ன செய்யணும்?

* தொடாதீங்க, பால் ஊத்தாதீங்க. கூட்டத்தையும் நாயையும் தள்ளி நிறுத்துங்க.
* வனத்துறைக்குச் சொல்லுங்க. லொக்கேஷனோடு ஸ்டேட்டஸ் போடாதீங்க, கடத்தல்காரங்களும் பார்ப்பாங்க.
* ஏற்கெனவே யாராவது தூக்கிட்டு வந்துட்டாங்களா? வனவிலங்கு அரசு சொத்து. 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கணும். ஆனா, குட்டி அத்தனை நேரம் தாங்காது. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, அம்மாகிட்ட சேரும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.