தகரம் மாற்றுவது புனரமைப்பன்று

அலுவிகாரைக் குகைகளின் பாறை நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதவாறு விளிம்பு செதுக்கியுள்ளனர் முன்னோர். தடித்த பாறை வெப்பத்தைத் தாமதித்தே உள்விடும். அதே மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களின் இரட்டை லயங்களிலோ முதுகோடு முதுகொட்டிய காம்பராக்கள், தலைக்குமேல் வெறுந்தகரம். முன்வாயிலாற் புகுந்த காற்று எவ்வழியால் வெளியேறும்? பங்களாவுக்கு அகன்ற விறாந்தையும் எதிரெதிர்ச் சாளரங்களும் அமைத்த துரைமார் இதனை அறியாதவரல்லர்!

குளிர்நாட்டு நூல்கள் தென்புறக் கண்ணாடியால் வெயிலைப் பிடிக்கக் கற்பிக்கின்றன. ஏப்பிரலிலும் செப்டெம்பரிலும் உச்சிக்கே ஏறும் நம் ஞாயிறு தாக்குவது கூரையையே. ஆதலின் ஓடும், அதன்கீழ்ப் பலகைத்தட்டும், முகட்டில் வெப்பம் வெளியேற வழியும், ஆழ்ந்த தாழ்வாரமும் வேண்டும். நடுச்சுவரில் வாயில் திறந்து இரு காம்பராக்களையும் ஒரே குடும்பத்துக்கு அளித்தல் வேண்டும். எஞ்சிய குடும்பங்களுக்கு நிலமேது என்பர், நிலந்தான் கேட்கின்றோம்.