மழைக்கணக்கும் கடல்விளக்கும்
சென்னைக் கோட்டையில் 1796-ஆம் ஆண்டு எண்ணெய்த் திரியில் ஏற்றப்பெற்ற கலங்கரை விளக்கம், 1844-இல் அருகே எழுந்த கல் தூணுக்கும், 1894-இல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கும், 1977-இல் மெரினாக் கடற்கரைக்கும் இடம்பெயர்ந்து சென்ற சரித்திரத்தை ஓரளவேனும் அறிந்த நம்மவர், நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தில் 1813 முதல் எழுதப்பெற்றுவரும் மழைக்கணக்கை அத்துணைச் சிரத்தையுடன் நோக்குவதில்லை என்பது என் நெடுநாளைய மனத்தாங்கல். விளக்கு மாறினால் மாலுமிகளுக்கு உடனே அறிவிப்புச் செல்லும். செல்லாவிடில் கப்பலுக்கே அபாயம். மழைமானி இடம் மாறியதும், பக்கத்து மரம் தழைத்து அதன் வாயை மறைத்ததும் அன்றன்றே குறிக்கப்பெறாவிடிலோ, நூறாண்டுக்குப் பின் அந்த ஏட்டைப் புரட்டுகிறவன், வானத்தின் மாறுதல் எது, கருவியின் மாறுதல் எது என்று பிரித்தறிய வகையின்றித் திகைப்பான். அளவுகளோடு இந்த இடக்குறிப்புகளையும் சேர்த்து அச்சிட்டுப் பொதுநூலகங்களில் வைத்தல் அத்தியாவசியம்.