கேட்கப்படாத வினா

யூட்லாந்துக் கடற்சமரைப் பற்றி எழுதப் புகும் மாணவர் பெரும்பாலும் 'வென்றவர் யார்?' என்னும் இடத்திலேயே தடுமாறுவர். 1916-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆந் திகதி, டென்மார்க்குக்கு மேற்கேயுள்ள வடகடலில் நிகழ்ந்த அச்சமரிலே பிரித்தானியர் 14 கப்பல்களையும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்களையும் இழந்தனர். ஜேர்மானியர் இழந்தவை 11 கப்பல்களும் 2,500-க்குச் சற்று மேற்பட்ட உயிர்களுமே. ஆயினும் களத்தைவிட்டு விலகித் துறைமுகம் புகுந்தது ஜேர்மானியப் படையே. இரு நாட்டாரும் வெற்றி முழக்கஞ் செய்தனர். இவ்வழக்கை மாணவருக்கே விட்டுவிடுவோம். என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வருவது வேறொன்று. அது பீரங்கி முழங்காத ஓர் அறையிலே, இலண்டன் மாநகரிலே நிகழ்ந்தது.

பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்திலே 40-ஆம் இலக்க அறை என்று ஓர் அறை இருந்தது. 1914-இல் பால்டிக் கடலில் தரைதட்டிய 'மக்டெபேர்க்' என்னும் ஜேர்மானியக் கப்பலிலிருந்து ருஷியர் கைப்பற்றிய சங்கேத நூலொன்று அவ்வறைக்கு வந்து சேர்ந்தது. அதன் துணைகொண்டு பகைவரின் கம்பியில்லாத் தந்திகளை அங்கிருந்தோர் வாசித்து வந்தனர். அவர்களுட் பலர் போர்வீரரல்லர், கல்விமான்கள். ஒஸ்போர்ன் கடற்படைக் கல்லூரியில் ஜேர்மன் மொழி கற்பித்த டெனிஸ்டன் போன்ற ஆசிரியரும் அவர்களுள் இருந்தனர் என்பதை, அத்தொழிலைச் சேர்ந்தவனாதலின் சற்று அழுத்தியே கூற விரும்புகிறேன்.

ஜேர்மானியப் படை புறப்பட ஆயத்தமாகிறது என்பதை இவ்வறையினர் மே 30-ஆந் திகதியே உணர்ந்து அறிவித்தனர். அதனால், ஜேர்மானியர் துறை நீங்குமுன்னரே, அட்மிரல் ஜெலிக்கோ ஸ்காப்பா புளோவிலிருந்து கடலுக்குச் சென்றுவிட்டார். வேறொரு துறையிலிருந்து புறப்பட்ட பீற்றியின் கப்பல்களும் சேர்ந்து, பிரித்தானியப் படை 151 கலங்களைக் கொண்டிருந்தது. எதிர்த்து வந்தவை 99.

மறுநாள் நண்பகலளவிலே, நடவடிக்கைப் பிரிவின் தலைவர் அவ்வறைக்கு வந்து, 'டி.கே. என்னும் அழைப்புக் குறி இப்பொழுது எங்கிருந்து ஒலிக்கிறது?' என்று வினவினாராம். 'வில்ஹெல்ம்ஸ்ஹாவனில்' என்று விடை கிடைத்தது. அவர் அவ்வளவிலே திரும்பிவிட்டார். இஃது அவ்வறையிற் பணிபுரிந்த ஒருவர் பிற்காலத்திற் கூறிய செய்தி. டி.கே. என்பது ஜேர்மானியத் தளபதி ஷெயருக்குரிய குறி. ஆனால் அவர் கடலுக்குச் செல்லும்போது அக்குறியைக் கரையிலுள்ள நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, வேறொரு குறியைத் தாம் மேற்கொள்வது வழக்கம். அறையிலிருந்தோர் இதனை அறிவர். வந்தவர் கேட்கவில்லை, இருந்தவரும் சொல்லவில்லை.

'கேட்டதற்கு மட்டும் விடை எழுதுக' என்று வகுப்பறையிலே நான் பன்முறை கூறியதுண்டு. இச்செய்தியை வாசித்தபின் அதனைச் சற்றுத் தயக்கத்துடனேயே கூறுகிறேன்.

பகைவரின் பெரும்படை இன்னும் துறைமுகத்திலேயே இருக்கிறதென்று ஜெலிக்கோவுக்குத் தந்தி பறந்தது. உண்மையிலோ ஷெயர் அன்று விடியுமுன்னரே புறப்பட்டுவிட்டார். ஜெலிக்கோ எரிபொருளைச் சிக்கனம் பண்ணி, வழியிற் கண்ட நடுநிலை நாட்டுக் கப்பல்களையுஞ் சோதித்து, ஆறுதலாகவே சென்றார். பிற்பகல் இரண்டு மணி கடந்தபின், டென்மார்க்குச் சரக்குக் கப்பலொன்றைச் சோதிக்க இரு திறத்துக் கலங்களும் ஒரே இடத்துக்கு வர, சமர் மூண்டது. பீற்றியின் பெருங்கப்பல்களான 'இன்டிபற்றிகபிள்', 'குயின் மேரி' இரண்டும் அரைமணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

ஜெலிக்கோவின் பெரும்படை களத்தை அடைந்தபோது மாலை ஆறு மணி கடந்துவிட்டது. புகையும் மூடுபனியும் கண்ணை மறைத்தன. ஷெயர் தம் கப்பல்கள் யாவற்றையும் ஒருங்கே திருப்பி, இருமுறை அப்புகையுள் மறைந்தார். எட்டரை மணிக்குள் சூரியன் அத்தமித்தது. முற்பகலில் இழந்த நேரம் கையிலிருந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமிப்பதில்லை. ஆயினும் பகலொளியில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் அதன் பெறுமதி பெரிது என்றே நான் கருதுகிறேன்.

இதனிலும் கொடியது இரவில் நிகழ்ந்தது. ஷெயர் செல்லும் திசையையும் வேகத்தையும் அவ்வறையினர் சரியாகக் கண்டறிந்தனர். தலைமையகமும் அதனை ஜெலிக்கோவுக்கு அனுப்பியது. ஆனால், துறைமுகத்தில் இருப்பதாகத் தமக்குச் சொல்லப்பட்ட படையைச் சில மணி நேரத்திலே கடலின் நடுவே எதிர்கொண்ட மனிதர் அவர், நம்பவில்லை. விடியற்காலையில் ஹோர்ன்ஸ் றீவ் என்னும் கடல்மேட்டுப் பக்கத்தை வேவு பார்க்க ஆகாயக் கப்பல் வேண்டுமென்று ஷெயர் அனுப்பிய செய்தியும் அவ்வறையிலே வாசிக்கப்பட்டிருந்தது. பகைவர் வீடு திரும்பும் வழியை ஐயமற உணர்த்த அஃதொன்றே போதும். அதை நடவடிக்கைப் பிரிவு ஜெலிக்கோவுக்கு அனுப்பவே இல்லை. ஷெயர் பிரித்தானியப் படையின் பின்புறமாகக் குறுக்கிட்டு, காவல் நின்ற நாசகாரிக் கப்பல்களை மோதிக் கடந்து, ஹோர்ன்ஸ் றீவை அடைந்தார். யூன் முதலாந் திகதி பொழுது புலர்ந்தபோது ஜெலிக்கோவின் முன்னே வெறுங்கடலே கிடந்தது.

கண்டறிந்ததைத் தாமே தொகுத்துத் தளபதியருக்கு விளக்கியனுப்பும் பொறுப்பு, அவ்வறை 1917-இல் கடற்படை உளவுப் பிரிவோடு இணைக்கப்பட்ட பின்னரே அங்கிருந்தோருக்குக் கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய ஓராண்டு கழிந்துவிட்டது.