குரல் வேணும், ஆள் வேண்டாமா?

கானாவை நாட்டார் கலையில் சேர்க்கலாமா கூடாதா என்று நம்முடைய தமிழ்த்துறைக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். நாற்று நடுகிறவள் பாடினால் அது நாட்டார் பாடல். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், ரிக்சா மிதிக்கிறவன், கறி வெட்டுகிறவன் புளியந்தோப்பில் உட்கார்ந்து பாடினால் ரவுடிப் பாட்டு. வயலும் வரப்பும் வேணும் இவர்களுக்கு. நம்ம சனம் சேற்றிலேயே குனிந்து நிற்கணும், அப்பத்தான் பாட்டு ‘தூய்மையாக’ இருக்கும். நிமிர்ந்து பட்டினத்துக்குப் போய்விட்டால் பாட்டு கெட்டுப்போகுமாம்!

தென்கோடியில் இருக்கிற உங்களுக்கு மெட்ராஸ் பாட்டைப் பற்றி என்ன வந்தது என்று கேட்கிறவர்களும் உண்டு. உடன்குடியைச் சுற்றியிருக்கிற காலனிகளில் பிழைப்புக்கு மெட்ராஸ் போகாத ஆள் இருக்கிற தெரு ஒன்றைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம். கருப்பட்டிச் சிப்பம் மட்டுமா இங்கிருந்து ரயில் ஏறியது?

கானா என்ன செய்தது என்பது தெரிய, முதலில் பறையைப் பற்றிப் பேசியாகணும். நம்ம பக்கம் சாவுக்கு அடிக்கிறது யார் தலையில் கட்டப்பட்டது, எப்படிக் கட்டப்பட்டது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். ஊர்க்காரன் செத்தால் சேதி சொல்லப் போகணும், குழி வெட்டணும், முன்னால் நடந்து அடிக்கணும். மாட்டேன் என்றால் அடி விழும், தண்ணிக்குழாய் நிற்கும், ஊர்விலக்கு வரும். அதனால்தான் பறையைத் தூக்கி எறிவதா, மேடைக்குக் கொண்டுபோவதா என்று 1990களில் நமக்குள்ளேயே அவ்வளவு சண்டை. எறியச் சொன்னவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. இன்னிக்கும் இருக்கு.

கானாவுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. பட்டினத்துச் சேரியில் செத்தவன் நம்மாளு, பாடுகிறவன் நம்மாளு, கேட்கிறவனும் நம்மாளு. ராத்திரி முழுக்கப் பிணத்துக்குக் காவல் இருக்கணும். கூட்டாளி ஒருத்தன் செத்தவன் பேரைச் சொல்லி, அவன் பார்த்த வேலை, குடித்த குடி, பெற்ற பிள்ளை எல்லாத்தையும் கோத்துப் பாடுவான். டோலக் இருந்தால் டோலக், இல்லையா, சட்டி, மேசை, தீப்பெட்டி, வெறும் தொடை. எந்த ஆண்டையும் ‘வாடா, வந்து அடிடா’ என்று கூப்பிட்டதில்லை. மரண கானா அடிமைத் தொழிலாக நம்மேல் சுமத்தப்பட்டதல்ல. சுமத்தினவன் கையிலிருந்து தப்பி வந்தவன், தன் சாவுக்குத் தானே உண்டாக்கிக்கொண்ட சடங்கு. கானாக்காரர்கள் ஆசானாகக் கும்பிடுவது யாரை? குணங்குடி மஸ்தான் சாகிபை. ராமநாதபுரத்துக் கரையிலிருந்து போய் ராயபுரத்தில் தங்கி 1838இல் அங்கேயே அடங்கின பக்கீர். சாதியும் மதமும் பார்க்காத கூட்டம்தான் ஒரு சாயபுவை ஆசானாக வைத்துக்கொள்ளும்.

இந்தப் பேச்சையும் பாட்டையும் சினிமா எடுத்து என்ன பண்ணியது? நம்ம தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி. சந்திரபாபு 1959இல் ‘சகோதரி’ படத்தில் பால்காரனாக வந்து மெட்ராஸ் பாஷையில் பேசினார், பாடினார். படம் பிழைத்ததே அவரால் என்றார்கள். முத்துக்குளிக்கிற கரையில் பிறந்து கொழும்பில் வளர்ந்த மனுசன், சேரித் தமிழை எவ்வளவு நுட்பமாகக் காதில் வாங்கியிருந்தார்! அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லப்போனால் பிரியம்தான். ஆனால் அந்தத் தமிழ் வாயைத் திறந்தாலே சிரிக்கணும் என்று ஒரு பழக்கம் அப்போது வேர்விட்டது. 1990களில் தேவா இசையில் கானா தமிழ்நாடு முழுக்கப் பரவியது, நம்ம பஜார் கேசட் கடைகளிலும் அதுதான் ஓடியது. குடிக்கவும் காதலில் தோற்கவும் கானா. கதாநாயகன் அழவேண்டிய இடம் வந்தால் வயலின். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் திரையில் வந்து மீன்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார். நாடே ஆடியது. ஆடினவர்களில் எத்தனை பேர் அவர் அடுத்து என்ன பாடினார் என்று தேடினார்கள்?

இப்போது கானா பாலாவுக்கு வருகிறேன். அசல் பேர் பாலமுருகன். புளியந்தோப்புக்காரர். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது சேரிக்குத் தீ வைத்தார்களே, அதே புளியந்தோப்பு. சாவு வீடுகளில் பாடி வளர்ந்தவர். கூடவே சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். பத்திரிகைக்காரர்கள் இதை ‘அட, வக்கீலுக்குப் படிச்ச கானாக்காரர்!’ என்று அதிசயமாக எழுதுவார்கள். சபாவில் பாடுகிற எஞ்சினியரையோ ஆடிட்டரையோ பார்த்து இவர்கள் வாய்பிளந்ததுண்டா?

2007இல் ‘பிறகு’ படத்தில் பாடினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அய்ந்து வருசம் கழித்து 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’, சந்தோஷ் நாராயணன் இசை. மறுவருசம் ‘சூது கவ்வும்’. காசைப் பற்றிய அந்தப் பாட்டு எங்கே பார்த்தாலும் கேட்டது. கல்யாண வீட்டில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது, குலசை தசராவுக்கு வேசம் கட்டிப் போகிற வண்டிகளிலும் கேட்டது. பிறகு ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். எதற்கு? அதே மாதிரி ஒரு பாட்டுக்கு. ‘அந்தக் குரல்’ வேணும். 2014இல் ‘மெட்ராஸ்’ படத்தில்தான் அந்தக் குரல் தன் வேலையைச் செய்ய விடப்பட்டது: கொல்லப்பட்ட ஒரு சேரி இளைஞனுக்காக மரண கானா. கேட்டவர்கள் சிரிக்கவில்லை. சிரிப்பு ஏன் நின்றது என்று அப்போதாவது யோசித்திருக்கணும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. இதே பாலா 2006இலும் 2011இலும் சென்னை மாநகராட்சித் தேர்தலில் திரு.வி.க. நகர்ப் பகுதியில் சுயேச்சையாக நின்றார். 2022இல் மறுபடி நின்றார். மூன்று தடவையும் தோல்வி. கடைசித் தடவை அவர் குரல் தெரியாத வீடு அந்த வார்டில் இருந்திருக்காது. தமிழ்நாட்டில் சினிமாக்காரன் கோட்டையைப் பிடிக்கலாம். கானாக்காரன் வார்டு கவுன்சிலர்கூட ஆகமுடியாது. கட்சிக்காரன் வேணும்போது மேடையில் நம்ம பாட்டைப் போடுவான், பந்தலைப் பிரித்ததும் பாட்டுக்காரனையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவான். ஓட்டுப் போட்ட நம்ம சனத்தையும் இதில் விட்டுவிட மாட்டேன்.

இது நம்ம நாட்டுச் சங்கதி மட்டுமில்லை. கிரேக்கத்தில் பிரேயஸ் என்று ஒரு துறைமுகம். மார்க்கோஸ் வம்வக்காரிஸ் என்கிறவன் 1905இல் சீரோஸ் தீவில் பிறந்து, சின்ன வயசிலேயே அங்கே வந்து கப்பலுக்கு நிலக்கரி சுமந்தான், கசாப்புக் கூடத்தில் தோல் உரித்தான், புசூக்கி என்கிற நீளக்கழுத்துத் தந்திவாத்தியத்தைக் கற்றுக்கொண்டான். அவனும் அகதிகளும் கஞ்சாக் கடைகளில் பாடியதுதான் ரெபெத்திகோ. ‘பொறுக்கிப் பாட்டு’ என்றார்கள். 1936இல் மெத்தாக்ஸாஸ் சர்வாதிகாரம் வந்ததும் இசைத்தட்டுகளுக்குத் தணிக்கை. 1949இல் ஹட்ஜிடாகிஸ் என்ற இசையமைப்பாளர் ஏதென்சில் ஓர் உரை நிகழ்த்தினார், இது உயர்ந்த கலை என்றார். படித்தவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பின்வந்த வருசங்களில் மார்க்கோஸ் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? கையில் வாதநோயோடு சின்னக் கடைகளில் வாசித்துத் தட்டேந்திக்கொண்டிருந்தான். பாட்டுக்கு மரியாதை வந்துவிட்டது, பாடினவனுக்கு வரவில்லை. 1960களில் அவன் பாட்டுகளை மறுபடி பதிவுசெய்த பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டான். 1972இல் செத்தான். தோல் உரிக்கிறவனையும் பாட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அங்கேயும் கண் கூசியிருக்கிறது.

கானாவை முழுக்கப் புனிதமாக்கவும் நான் வரவில்லை, புனிதம் நமக்கு ஆகாது. காதலில் தோற்ற கானாக்களில் பெண்ணை வசைபாடுகிற குப்பை நிறையக் கிடக்கு. ஆம்பிளைகள் கூடிப் பாடுகிற இடமாகவே அதை வைத்திருந்தோம். அதை உடைத்துக்கொண்டு வந்தவர் இசைவாணி. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண் பாடகர். பேரே அயோத்திதாசப் பண்டிதர் போட்ட விதை, சாதியற்றவர்கள். 2020இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணியைச் சேர்த்தது. அப்போது பெருமைப்பட்ட தமிழ்நாடு 2024 நவம்பரில் எங்கே போனது? சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி 2018இல் பாடின பாட்டைத் தோண்டியெடுத்துப் புகார்மேல் புகார். போன் நம்பரைப் பரப்பி ஆபாசமும் கொலைமிரட்டலும். கடைசியில் அவரே போலீசில் போய் நிற்கவேண்டியதாயிற்று. மீனைப் பற்றிப் பாடு, காசைப் பற்றிப் பாடு, கோயில் வாசலைப் பற்றிப் பாடாதே. இதுதானே அய்யா நீங்கள் சொல்லவருவது?

கல்லூரியில் படிக்கிற தோழர்களுக்கு ஒன்று. மரண கானா அந்த ஒரு ராத்திரிக்காகக் கட்டப்படுவது, விடிந்தால் பிணத்தோடு போய்விடுகிறது. வடசென்னையில் இப்படிப் பாடின கிழவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிறவர்களிடம் போய் உட்காருங்கள். பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடிவராதீர்கள். யாருக்காகப் பாடினது, செத்தவர் என்ன வேலை பார்த்தார், எந்தத் தெரு, பாடினவர் பேர் என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். பாடினவர் பேரைப் பாட்டுக்கு மேலே போடுங்கள், அடிக்குறிப்பில் அல்ல. உங்கள் துறைத்தலைவர் தலைப்பை மாற்றச் சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.