இரண்டு செயலாளர்களின் கடிதம்

தேர்தல் நெருங்கினால் கச்சத்தீவு தானாகக் கரை ஒதுங்கிவிடும். மேடைக்கு மேடை 1974 அடிபடும். யார் கொடுத்தார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று வழக்கு நடக்கும். நானும் அந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசியிருக்கிறேன். போன வாரம்தான் 1976 மார்ச் 23 தேதியிட்ட கடிதத்தை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருடமாகத் தப்பான நாளில் திதி கொடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது.

1974 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரதமர்கள்: இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும். தீவு அந்தப் பக்கம் போனது. ஆனால் இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் வழிவழியாக அனுபவித்துவந்த உரிமை தொடரும் என்று ஒரு வரி அதில் இருந்தது. மீன்பிடிப்பும் அதற்குள் அடங்குமா என்று வக்கீல்கள் இன்னும் வாதாடலாம். 1976 கடிதம் அந்தச் சிரமத்தை யாருக்கும் வைக்கவில்லை. வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

எழுதியவர் இந்திய வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங். பதில் எழுதியவர் இலங்கை பாதுகாப்பு, வெளியுறவு அமைச்சின் செயலாளர் டபிள்யூ.டி. ஜயசிங்க. டெல்லியில் அப்போது நெருக்கடி நிலை. சென்னையில் ஜனவரி 31-ஆம் தேதியே திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி. ராமேஸ்வரத்துக்காரர் போய்க் கேட்பதற்குக் கோட்டையில் ஒரு மந்திரிகூடக் கிடையாது.

குமரிமுனைக்குத் தெற்கே, மீன் கொழிக்கும் வாட்ஜ் பேங்க் அதே கடிதத்தில் நமக்கு வந்தது. அங்கே இலங்கையின் ஆறு கப்பல்கள் மட்டும், மூன்று வருடத்துக்கு, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கப்பலையும் டன்னையும் இப்படி எண்ணி எழுதத் தெரிந்தவர்கள், பாக் நீரிணையில் தினமும் இறங்குகிற படகுகளுக்கு ஒரு எண்ணும் எழுதவில்லை. குமரியில் கிடைத்தது ராமேஸ்வரத்தின் வலைக்கு வராது.

உடனே யாருக்கும் வலிக்கவில்லை. இலங்கை உள்நாட்டுப் போர்க் காலத்தில் அங்குள்ள வடக்கு மாகாணத்து மீனவர்களுக்குக் கடல் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. நம் விசைப்படகுகள் அங்கே போய்வந்து பழகின. 2009-க்குப் பிறகு அவர்கள் மறுபடி தொழிலுக்கு இறங்கியபோதுதான் கணக்கு மாறியது. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் சின்னப் படகு, கடன் வாங்கிப் போட்ட நைலான் வலை. நம் இழுவை மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டே வரும். குறுக்கே கிடக்கும் அந்த வலையும் அதோடு போகும். அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். இதைச் சொல்ல நம் மேடைகளில் யாருக்கும் நாக்கு எழும்பாது. மீனவர்களைச் சுடுவதையும் சிறைவைப்பதையும் கண்டிக்கிற அதே வாயால் இதையும் சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

2016 நவம்பரில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் மீன்வள அமைச்சர்களும் டெல்லியில் கூடினார்கள். அதிகாரிகள் மட்டத்தில் கூட்டுப் பணிக்குழு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூடும் என்று முடிவானது. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. மூன்று மாதம் என்றால் இன்றைக்கு முப்பது கூட்டங்களைத் தாண்டியிருக்க வேண்டும். ஆறாவது கூட்டமே 2024 அக்டோபர் 29 அன்று, கொழும்பில்தான் நடந்தது. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகூட இப்படித் தவணை தவறாது என்று எழுத வந்தேன். சில கம்பெனிகள் நினைவுக்கு வந்ததால் விட்டுவிடுகிறேன்.

கூடும்போது வெளிவரும் அறிக்கைகளில் 'மனிதாபிமான அணுகுமுறை' தவறாமல் இருக்கும். கைதானவர்கள் சிலர் விடுதலையாகி வருவார்கள், படகு வராது. அது மயிலிட்டியிலோ காரைநகரிலோ வெயிலில் கிடந்து பலகை பிளக்கும்.

சம்பந்தப்பட்டவர்களே ஒருமுறை பேசிப் பார்த்தார்கள். 2010 ஆகஸ்டில் இலங்கையின் வடக்கிலிருந்து மீனவர் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, 'மடி' என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் தெரியும். கத்தியிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள். ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இழுவை மடியை ஒரு வருடத்துக்குள் விட்டுவிடுவது, அதுவரை கட்டுப்பாடுகளோடு எழுபது நாள் மட்டும் இழுப்பது. கப்பலும் டன்னும் எண்ணிய அந்தப் பழைய கடிதத்துக்கு ஈடாக, பாக் நீரிணைக்கும் கடைசியில் ஒரு எண் கிடைத்தது.

இரண்டு அரசுகளும் அதை ஏற்கவில்லை. எழுபது நாளை யாரும் எண்ணத் தொடங்கவே இல்லை.