கத்துகிற கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள்!

சென்னையில் கோடை வந்தால் மனிதனுக்கு மட்டுமா மூச்சு முட்டுகிறது? மேஜைக்கு அடியில் கிடக்கும் கம்ப்யூட்டருக்கும்தான் முட்டுகிறது!

பாரிமுனைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஐகோர்ட்டைச் சுற்றி டைப் அடிக்கும் கடைகள். ஜெராக்ஸ் கடைகள். அங்கே பல கடைகளில் சோறு போடுவது பத்து வருஷத்துப் பழைய பெட்டிதான்.

காலையில் சுவிட்சைப் போட்டதும் மாவு மில் மாதிரி 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். அரை மணி நேரம் ஓடும். பிறகு பட்டென்று அணைந்து போகும்!

மனு பாதியில் நிற்கும். வக்கீல் குமாஸ்தா சத்தம் போடுவார். பரீட்சைக்கு விண்ணப்பம் போட வந்த ஏழைப் பெண். அன்றுதான் கடைசி நாள். பணம் கட்டுகிற நேரத்தில் திரை கறுத்துப் போனால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன பதில் கிடைக்கிறது?

"பழைய மாடல் சார். தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க!"

ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அதற்குள் தீர்ப்பு! நாடி பிடித்துப் பார்க்காத டாக்டர், 'ஆளு தேறாது, வீட்டுக்குக் கொண்டு போங்க' என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

ஏன் கத்துகிறது?

சி.பி.யூ. என்று நாம் சொல்லும் பெட்டிக்குள்ளே பிராசசர் என்று ஒரு சில்லு இருக்கிறது. பிஸ்கட் அளவுதான் இருக்கும். மும்முரமாக வேலை செய்யும்போது அது 65 வாட், 95 வாட் என்று சூடு கக்கும். எரிகிற 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு என்னவென்று தெரியும்.

அந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதற்காக மேலே ஒரு அலுமினியத் தகட்டுக் கட்டு. அதன் பெயர் ஹீட் சிங்க். அதற்கு மேல் விசிறி. இரண்டுக்கும் நடுவே, அதாவது சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே, சூட்டைக் கடத்த 'தெர்மல் பேஸ்ட்' என்ற பசை.

வருஷம் போகப் போக அந்தப் பசை சுண்ணாம்பு மாதிரி காய்ந்து போகிறது. தகடுகளின் இடுக்கில் தெருப் புழுதி கம்பளி போல் படிகிறது. சூடு வெளியேற வழியில்லை. 'இன்னும் வேகமாகச் சுற்று' என்று மதர்போர்டு விசிறிக்கு உத்தரவு போடுகிறது. அதுதான் நம் காதில் விழும் இரைச்சல்.

அதற்கும் சூடு அடங்காவிட்டால்? சில்லு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடுச்சு' என்று நாம் புலம்புவது இந்தக் கட்டத்தில்தான். அதற்குப் பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால், கருகிப் போகாமல் இருக்கத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்.

எந்தச் சத்தம், எந்தக் கோளாறு?

இடைவிடாத இரைச்சல் என்றால் பெரும்பாலும் புழுதி, இல்லாவிட்டால் காய்ந்த பசை. 'கரகர' என்று அரைத்தால் விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது. விசிறியை மாற்ற வேண்டும்.

'டக்... டக்...' என்று தட்டும் சத்தம் கேட்டால் உஷார்! அது ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். உடனே முக்கியமான பைல்களை வேறு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அணைந்தால் சூடு அல்லது மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மீது சந்தேகப்படுங்கள். நீலத்திரை வந்து நின்றால் ராம், டிஸ்க், டிரைவர் என்று தேட வேண்டும். ராம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினாலே சரியாகிப் போகும் பெட்டிகள் உண்டு.

சுவிட்ச் போடும்போதெல்லாம் தேதி தப்பாக வருகிறதா? உள்ளே இருக்கும் சி.ஆர்.2032 என்ற காசு வடிவப் பாட்டரி தீர்ந்துவிட்டது. டீ, வடை காசில் முடிகிற வேலை!

மூடியைத் திறப்பதற்கு முன் இன்னொரு சோதனை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த புரோகிராம் பிராசசரைத் தின்கிறது என்று பட்டியல் வரும். சும்மா இருக்கும்போதே ஏதோ ஒன்று 90 சதவீதம் தின்றுகொண்டிருந்தால், அதை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி அகப்பட்டான்! வைரஸாகக்கூட இருக்கலாம்.

நாமே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்குங்கள். பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் புழுதியைத் தட்டுங்கள். ப்ளோயர் அடிப்பதானால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுப் போகும்.

இன்டெல் பெட்டியாக இருந்தால் ஹீட் சிங்க்கின் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். நாலும் அழுத்தமாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் சூடு ஏறும்.

பசை மாற்றுவது பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. பழையதைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுசு வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். சைக்கிளைத் துடைக்கிறோம். தையல் மிஷினுக்கு எண்ணெய் போடுகிறோம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு மட்டும்தானா? உள்ளே இருக்கும் புழுதியையும் தட்டினால் சரஸ்வதி கோபித்துக்கொள்ளவா போகிறாள்?

பயமுறுத்தும் வியாபாரம்

2025 அக்டோபர் 14-ந்தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இது உண்மை. இன்டர்நெட்டில் பணம் கட்டும் பெட்டிக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் விசிறி கத்துவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதைக் காட்டி அதையும் சேர்த்துக் குப்பை என்பது வியாபாரத் தந்திரம். பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டு டைப்பிங், பிரிண்டிங் வேலைகளை நடத்தலாமே!

எல்லாப் பெட்டியும் பிழைக்கும் என்று சொல்லவில்லை. மதர்போர்டில் குட்டி டப்பாக்கள் போல நிற்கும் கண்டென்சர்கள் தலை உப்பிப் போயிருந்தால், அதற்கு ஓய்வு கொடுப்பதே சிக்கனமாக இருக்கலாம். அதையும் திறந்து பார்த்தல்லவா சொல்ல வேண்டும்?

அப்படி ஓய்வு கொடுத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது? ஆதார் நகல். பாங்க் பாஸ்புக். வாடிக்கையாளர்களின் பத்திரம். அதையும் சேர்த்தா காயலான் கடைக்காரரிடம் கொடுப்பது? டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பதிவு பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடம் சேருங்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள புது விதிகள் விரும்புவதும் அதைத்தான். செம்புக்காக வயரைக் கொளுத்தினால் அந்த விஷப் புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான்.

ரிப்பேர் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் நல்ல கைகாரர்கள் எத்தனையோ பேர். ரிச்சி தெருவில் விசிறி, பசை, பாட்டரி எல்லாம் கிடைக்கிறது. வருகிற பெட்டியை வாடிக்கையாளர் கண் முன்னால் திறந்து காட்டுங்கள். என்ன கோளாறு, என்ன செலவு என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு 'புதுசு வாங்குங்க' என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

புதுப் பெட்டிக்குக் கடன் வாங்கினால் வட்டி கட்டுவது அந்த டைப் அடிக்கும் அம்மாதான், அய்யா!

கவனிப்பார்களா?