அரிக்கமேட்டுக்கு வழி கேட்பவர்கள்

வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் புதுச்சேரிக்கு வந்து குவியும் கூட்டம், கடற்கரைச் சாலையின் கருங்கல் குவியல்மேல் நின்று கடலைப் படம் பிடிக்கிறது. கால் நனைக்க அங்கே மணல் சொற்பம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்கரை கட்டினார்கள். இந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல்கரை அதை மறித்துக்கொண்டதால் நகரத்துக் கரை அரித்துப்போனது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. பிற்பாடு தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்டுக் கொஞ்சம் மணலை மீட்டார்கள். விரிந்த மணல் என்னவோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், படகும் வலையும் கிடக்கும் மீனவர் ஊரில்தான்.

மணலுக்காக மட்டும் அங்கே போகச் சொன்னால் அது பாதிச் செய்தி. ஊரை ஒட்டிய ஆற்றங்கரை மேடுதான் அரிக்கமேடு.

விசித்திரமான இடங்களைத் தேடிப் பயணம் போவது இன்று உலகெங்கும் பெரிய வணிகம். நமீபியாவில் 1956இல் கைவிடப்பட்ட வைரச் சுரங்க ஊர் கோல்மன்ஸ்கோப். வீடுகளுக்குள் பாலைவன மணல் இடுப்பளவு ஏறிக் கிடப்பதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஜப்பானின் ஹாஷிமா தீவில் நிலக்கரிச் சுரங்கம் 1974இல் மூடப்பட்டது. பாழடைந்த அடுக்குமாடிகளைக் காட்ட 2009இல் மறுபடி படகு விட்டார்கள். இந்த ஊர்களிடம் இருப்பது ஒரு கதையும் அதைச் சொல்ல ஆளும். கதையில் அரிக்கமேடு இவற்றுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. சொல்ல ஆள்தான் இல்லை.

லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளரையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியில் பார்க்கக் கப்பலேறினார். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில், அவர் நடுக்கடலில். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றினார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. வெறுங்கையோடு பிரான்ஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகச் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள் உறவினர்கள். கோளைக் கோட்டைவிட்ட அந்த மனிதர், இங்கே இருந்த நாட்களில் வீராம்பட்டினத்தில் பழைய செங்கல் சுவர்களைக் கண்டு எழுதி வைத்தார். வீரராகவன் என்ற அரசன் அங்கே இருந்ததாக ஊர்க்காரர்கள் சொன்னதையும் குறித்துக்கொண்டார்.

அதை யாரும் சட்டை செய்யவில்லை. 1937 வாக்கில் அகஸ்டஸ் சீசர் தலை செதுக்கியதாகக் கருதப்பட்ட ஒரு மணிக்கல் ஜுவோ துப்ருயி என்ற அறிஞர் கையில் சேர்ந்த பிறகே மேடு பேசப்பட்டது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோம நாட்டு மதுச்சாடிகளையும் இத்தாலியச் சிவப்புப் பாண்டங்களையும் கொண்டு காலத்தைக் கணித்தார். பிறகு பிரெஞ்சுத் தொல்லியலாளர் கஸால் வந்து தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டியபோது, ரோமானியர் வருவதற்கு முன்பும் போன பின்பும் இங்கே ஊர் இருந்தது தெளிவானது. கண்ணாடி மணியும் கல்மணியும் செய்து கடல் கடந்து அனுப்பிய ஊர். கிரேக்கக் குறிப்புகளில் வரும் ‘பொதுகே’ துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இன்று போனால் என்ன தெரியும்? தோப்பு, ஆறு, 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மிஷன் கட்டடத்தின் சில செங்கல் சுவர்கள். அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்தான். ஆனால் மண்ணுக்கடியில் இருப்பதை மனக்கண்ணில் காட்ட ஒருவர் கூட வராவிட்டால், வந்தவர் சுவர் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

கீழடியும் தென்னந்தோப்புதான். அங்கே 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்ததும் பள்ளிப் பிள்ளைகள் வண்டி வண்டியாகப் போகிறார்கள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பெறும் அரிக்கமேட்டுக்கு அப்படியொன்று மேட்டருகிலேயே வேண்டும் என்பது பேராசையல்ல.

அதே நேரத்தில் சொகுசு விடுதிக்காரர்களை அழைத்து வருவதைச் சுற்றுலா வளர்ச்சி என்று சொல்லக் கூடாது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் குடியிருப்போர் எழுநூற்றுச் சொச்சம் பேர். உச்ச நாட்களில் வருவோர் பத்தாயிரம். 2023 ஆகஸ்டில் ஊர் மக்களே சாலையை மறித்தார்கள். வீராம்பட்டினத்தின் கரை மீனவர்களின் தொழிற்களம். படகு ஏற்ற, வலை உலர்த்த, மீன் பிரிக்க இடம் போனபின் மிச்சமிருப்பதே விருந்தாளிக்கு. வழிகாட்டும் வேலையும் சாப்பாட்டுக் கடையும் உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

கூட்டத்தைக் கையாள அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேருக்குப் புதுச்சேரியே திரண்டு வருகிறது. ஆட்சியாளர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சு கவர்னர் காலத்து வழக்கம். இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார்.

அரசு அசையும்வரை போகிறவர்கள் ஒன்று செய்யலாம். அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களில் ஒரு பகுதி பாரதி பூங்கா அருகேயுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் அந்த மணிகளையும் சாடித் துண்டுகளையும் நின்று பார்த்துவிட்டு, பிறகு அரியாங்குப்பம் வழியாக மேட்டுக்குப் போவது நல்லது. மழைக்குப் பின் மண்ணில் மணியோ ஓடோ கண்ணில் பட்டால் எடுக்கக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம்.